பதினேழாம் நம்பர் எஸ்டீம்

மண்ணச்சநல்லூர் தங்கையனின் எஸ்டீம் கார் மூன்று வருஷமாகப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

அவருடைய அப்பா வாங்கிய வண்டி. அப்பா காலத்தில் அதில் ஏழு பேர் நெருக்கியடித்துக்கொண்டு சமயபுரம் போய்வருவார்கள். இப்போது ஒருவர்தான் உட்கார முடியும். பின்சீட்டு, முன்னால் இடதுபக்க சீட்டு, ஏசி, கால்விரிப்பு, கதவுகளின் உள்பக்கத்து அட்டை, பாட்டுப்பெட்டி எல்லாவற்றையும் எடையைக் குறைப்பதற்காகத் தங்கையன் கழற்றிவிட்டார். கழற்றியவை அவர்கள் குடும்பத்து ரைஸ் மில்லில் தவிட்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கிக் கிடந்தன. கழற்றாமல் விட்ட எடை ஒன்றும் இருந்தது. நூற்றுநாலு கிலோ கொண்ட அந்த எடை ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

தங்கையனுக்கு நாற்பத்தாறு வயது. மில்லை அவருடைய அண்ணன் பார்த்துக்கொண்டார். அண்ணன் பார்த்துக்கொள்வதைத் தங்கையன் பார்த்துக்கொண்டார். மனைவி விஜயராணி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போய்வருவாள்.

"எங்க வீட்ல கார் இருக்குன்னு சொல்லிக்கலாம். கார்ல போனோம்னுதான் சொல்ல முடியாது" என்று அவள் ஆசிரியர் அறையில் சொல்வாள். சொல்லிவிட்டுத் திருத்த வேண்டிய விடைத்தாள்களுக்குத் திரும்பிவிடுவாள். அவளுக்குக் கோபம் என்று யாராலும் சொல்ல முடியாது.

போட்டி என்பது ஆட்டோகிராஸ். அதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு பொட்டலில் ஆரஞ்சு நிறக் கோன்களை வைத்து வளைந்து நெளிந்து ஒரு பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். யார் சீக்கிரம் சுற்றி வருகிறாரோ அவருக்குக் கோப்பை. கோனைத் தட்டினால் அதற்குச் சில வினாடிகள் தண்டம். பாதையை விட்டு வேறு வழியில் போய்விட்டால் அந்த ஓட்டமே செல்லாது. ஆளுக்கு இரண்டு ஓட்டம்: காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. ஸ்ரீரங்கத்தில் பல் டாக்டராக இருக்கும் சித்தார்த்தும் அவருடைய நண்பர்களும் இதற்கென்று ஒரு கிளப் ஆரம்பித்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்தினார்கள். சித்தார்த்தான் செயலாளர். வருகிறவர்கள் எல்லோரும் பழைய மாருதி, பழைய ஃபியட் என்று கிடைத்ததை வாங்கி, தட்டிக் கொட்டி, ஓட்டி, உடைத்து, மறுபடி தட்டிக் கொட்டுகிறவர்கள்.

தங்கையன் ஓட்டவில்லை. மைதானத்தின் ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொருவரும் ஓட்டி முடித்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது பக்கத்தில் போய் நிற்பார்.

"ரெண்டாவது வளைவுல பிரேக்க லேட்டா அடிச்சீங்க. வண்டியோட வெயிட்டு முன்னாடி வர்றதுக்கு நீங்க டைமே குடுக்கல."

கேட்டுக்கொள்வார்கள். அவருக்கு நல்ல கனத்த குரல். வெளிநாட்டுப் பந்தய வீடியோக்களை மில் ஆபீசில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பார்த்த அறிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, கிளப்பிலேயே சிறந்த வண்டி அவருடையது என்று எல்லோரும் நம்பினார்கள். அது ஓடி யாரும் பார்த்ததில்லை. அதனால் அது தோற்றும் யாரும் பார்த்ததில்லை.

ஏன் ஓட்டவில்லை என்பதற்கு எப்போதும் ஒரு காரணம் இருந்தது. முதல் வருஷம் கோயம்புத்தூரிலிருந்து டயர் வர வேண்டியிருந்தது. டயர் வந்ததும் ரிம் சரியில்லை என்று தெரிந்தது. ரிம் மாற்றியதும் சஸ்பென்ஷன் அந்த ரிம்முக்குத் தோதாக இல்லை. நடுவில் ஒரு மாதம் பங்காளி வீட்டுக் கேதம். ஒரு மாதம் ஆடி. ஆடியில் புதுக் காரியம் தொடங்கக் கூடாது என்று, பெட்ரோல் குழாயைப் பற்றிப் பேசும் அதே கனத்த குரலில் சொல்லிவிட்டார்.

மன்னார்புரத்தில் ஷெட் வைத்திருந்த ஜமால்தான் அவருக்கு மெக்கானிக். நல்ல தொழில்காரர். ஆனால் இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் நல்ல தொழில்காரருக்கும் மனசு தடுமாறும். ஓடாத வண்டி உடையாது. உடையாத வண்டியில் செய்த வேலைக்குப் புகாரும் வராது. "அண்ணே, ஃப்ளைவீலக் கொஞ்சம் கடைஞ்சு எளைக்கலாமா?" என்று ஜமால் கேட்பார். "நானே சொல்லணும்னு இருந்தேன்" என்பார் தங்கையன். இப்படியே எஸ்டீம் வருஷத்தில் எட்டு மாதம் ஜமால் ஷெட்டின் நல்ல மூலையில் நின்றது.

மற்ற நாலு மாதம் அது ஸ்ரீரங்கத்துக்குக் காபி குடிக்கப் போனது. வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தியிருந்தார்கள். கொள்ளிடம் பாலம் தாண்டிய பிறகு வரும் ஒவ்வொரு வேகத்தடையையும் தங்கையன் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக, தூங்குகிற குழந்தையைத் தாண்டுவதுபோலத் தாண்டுவார். பின்னால் வரும் ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துத் தீர்க்கும். எக்ஸாஸ்ட் சத்தம் மட்டும் ராஜகோபுரத்துக்கு முன்னால் பூ கட்டுகிறவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும். இவ்வளவு சத்தத்தோடு இவ்வளவு மெதுவாகப் போகிற வண்டி என்று தேருக்கு அடுத்தபடியாக அவர்கள் அதைத்தான் பார்த்திருந்தார்கள்.

இந்த ஏற்பாடு ரஞ்சித் என்ற பையனால் கெட்டது.

ரஞ்சித்துக்கு இருபத்துநாலு வயது. காந்தி மார்க்கெட்டில் மாமாவின் வெங்காய மண்டியில் வேலை. ஒரு பழைய மாருதி ஸென் வாங்கியிருந்தான். தங்கையன் சொன்னதையெல்லாம் கேட்டுத்தான் அதைத் தயார் செய்தான். முதல் போட்டியில் அவன் ஓட்டியபோது வண்டி மூன்றாவது வளைவில் திரும்ப மறுத்து, நேராகப் போய், ஒரு கோன் வரிசையையே வாரிச் சுருட்டிக்கொண்டு நின்றது. அன்று சாயங்காலம் கிளப்பின் வாட்ஸாப் குழுவில் ரஞ்சித் எழுதினான்.

"அண்ணே, நீங்க சொன்ன மாதிரியேதான் டயர்ல காத்து வெச்சேன். நீங்க சொன்ன எடத்துலதான் பிரேக் அடிச்சேன். ஒம்போது கோன் போச்சு. தப்பு என் மேலதான் இருக்கும். அடுத்த மாசம் நீங்களே ஒரு தடவை ஓட்டிக் காட்டினீங்கன்னா பாத்துக் கத்துக்குவேன்."

இது பக்தியா குத்தலா என்று யாருக்கும் பிடிபடவில்லை. மார்க்கெட்டில் வளர்ந்த பையன். மரியாதையாகப் பேசியே எதிராளியைக் கவிழ்ப்பது அங்கே அன்றாட வேலை. குழுவில் கைதட்டும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. சித்தார்த், "சார் பேரைப் போட்டாச்சு. நம்பர் பதினேழு" என்று எழுதினார்.

தங்கையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மகிழ்ச்சி. கியர் லிங்கேஜ் புஷ் மட்டும் இன்னும் வரல. வந்ததும் பாப்போம்" என்று பதில் போட்டார்.

அடுத்த நிமிஷமே ஜமால் ஒரு போட்டோ அனுப்பினார். புத்தம் புதிய புஷ், மாட்டிய நிலையில். கீழே: "மாட்டியாச்சுண்ணே. வண்டி ரெடி. நாளைக்கே எடுத்துக்கலாம்."

தங்கையன் ஜமாலுக்குப் போன் போட்டார்.

"ஏன் ஜமாலு, உங்களை யாரு குரூப்புல போடச் சொன்னா?"

"ரெடியாயிருச்சுன்னா சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேண்ணே."

"இன்னும் அலைன்மென்ட் பாக்க வேண்டாமா?"

"பாத்தாச்சு. பாத்துட்டு மறுபடியும் பாத்தாச்சு. அண்ணே, கோச்சுக்காதீங்க. முகூர்த்த சீசனு. வேன் ஏழெட்டு வேலைக்கு வந்து ரோட்டுல நிக்கிது. உங்க வண்டி நிக்கிற மூலை எனக்கு வேணும்."

அன்று இரவு சாப்பிடும்போது தங்கையன் விஜயராணியிடம் விஷயத்தைச் சொன்னார். தன்னைச் சின்னப் பையன்கள் சேர்ந்து மடக்கிவிட்டார்கள் என்ற தொனியில் சொன்னார். அவள் அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இதுல மடக்கறதுக்கு என்னங்க இருக்கு? ஓட்டறதுக்குத்தான கார் வெச்சிருக்கீங்க."

"உனக்குப் புரியாது ராணி. அது ஒரு ப்ராசஸ்."

"சரி. ப்ராசஸ் முடிஞ்சிருச்சுல்ல, ஓட்டிட்டு வாங்க. நானும் வந்து பாக்கறேன்."

மூன்று வருஷத்தில் அவள் வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தங்கையன் மோருக்குக் காத்திராமல் கை கழுவ எழுந்துவிட்டார்.

போட்டி நடக்கும் இடம் அவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது. யாரோ ஒருவர் ப்ளாட் போட்டு விற்காமல் விட்டுப்போன நாற்பது ஏக்கர். மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக்கற்களும், 'ரங்கா ட்ரீம் சிட்டி' என்று எழுதிய ஒரு நுழைவாயில் வளைவும் மட்டும்தான் அங்கே கட்டி முடிக்கப்பட்டவை. வளைவைத் தாண்டினால் மெயின் ரோடு.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கையன் பந்தய உடையை எடுத்துப் போட்டுக்கொண்டார். சிவப்பு உடை. மூன்று வருஷத்துக்கு முந்திய அளவு. ஜிப் தொப்புள்வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. ஹெல்மெட்டில் விலை எழுதி ஒட்டிய சீட்டு இன்னும் இருந்தது. விஜயராணி நகத்தால் சுரண்டி எடுத்துக் கொடுத்தாள். அவர் காரில் முன்னால் போக, அவள் ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். பாதி வழியில் அவள் அவரை முந்த வேண்டியிருந்தது.

போட்டிக்கு முன்னால் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பாதையை நடந்து பார்ப்பது வழக்கம். எந்த வளைவுக்குப் பிறகு எது, எங்கே இடது, எங்கே வலது என்று மனசில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். தங்கையனும் நடந்தார். ஆனால் அவர் பின்னால் பத்துப் பேர் நடந்தார்கள். அவர்களுக்கு அவர் விளக்கிக்கொண்டே போனார்.

"இங்க பாருங்க, இந்த எடத்துல மண்ணு லூசா இருக்கு. டயரு புடிக்காது. இங்க ஆக்ஸிலேட்டர மிதிச்சா முட்டாளு."

"இங்க ரைட்டாண்ணே?" என்று ரஞ்சித் கேட்டான்.

"ரைட்டோ லெஃப்டோ, கொள்கை ஒண்ணுதான் தம்பி. கண்ணு எங்க பாக்குதோ வண்டி அங்க போகும்."

பத்துப் பேரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். தங்கையன் பத்துப் பேரையும் பார்த்துக்கொண்டு நடந்தார். சுற்றி முடித்தபோது அந்தப் பாதையைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அது எந்தப் பக்கம் போகிறது என்பதைத் தவிர.

பதினாறு பேர் ஓட்டி முடித்தார்கள். ரஞ்சித் இந்த முறை ஒரு கோன்கூடத் தட்டவில்லை. பிறகு சித்தார்த் மைக்கில், "நாம எல்லாரும் மூணு வருஷமா காத்திருந்த நம்பர் பதினேழு" என்றார். மோர்க் கடைக்குப் போனவர்கள்கூடத் திரும்பி ஓடிவந்தார்கள். விஜயராணி தங்கையனின் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

கொடி விழுந்தது. எஸ்டீம் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. எஞ்சின் சீராகச் சுற்ற வைக்கும் ஃப்ளைவீல் சக்கரத்தைக் கடைந்து கடைந்து காகிதம் மாதிரி ஆக்கியிருந்ததால், கிளட்சை விடும் பக்குவம் வேறாக இருக்க வேண்டும். அந்தப் பக்குவம் ஓட்டினால்தான் வரும். மறுபடி கிளப்பினார். மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை, பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு கிளட்சைத் தூக்கி எறிந்தார். எஸ்டீம் செம்மண்ணை வாரி இறைத்துவிட்டுப் பாய்ந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் நாலு வளைவுகளைத் தங்கையன் அருமையாக ஓட்டினார். வண்டி நல்ல வண்டி. முதல் வளைவில் பின்பக்கம் லேசாக வழுக்கியது; அவர் கை தானாகவே ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்தது. அப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவர், தன் கைக்கும் அது தெரியும் என்பதை அப்போதுதான் பார்த்தார். ரெண்டாவது, மூன்றாவது. வயிற்றுக்குள் ஏதோ குளிர்ந்தது. சின்ன வயசில் வாய்க்கால் மதகிலிருந்து குதித்தபோது அப்படி இருந்திருக்கிறது. நாலாவது வளைவில் அவர் ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்தார்.

அடுத்தது வலது. தங்கையன் இடதுபக்கம் திரும்பினார்.

கோன்கள் எதையும் காணோம். அதை அவர் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார். தூரத்தில் கொடி பிடித்து நின்ற அற்புதசாமி, ரிட்டயரான பஸ் டிரைவர், சிவப்புக் கொடியை வீசிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடிவந்தார். தங்கையன் அதை உற்சாகம் என்று நினைத்து ஒரு கையை உயர்த்திக் காட்டினார். எஸ்டீம் அற்புதசாமியைத் தாண்டி, மஞ்சள் கற்களுக்கு நடுவே புழுதி கிளப்பி, 'ரங்கா ட்ரீம் சிட்டி' வளைவுக்கு அடியில் புகுந்து, மெயின் ரோட்டில் ஏறியது.

தார் ரோட்டைப் பார்த்த பிறகுதான் தங்கையனுக்கு விஷயம் உறைத்தது. நிறுத்தித் திரும்பலாம் என்றால் முன்னால் நெல் அறுக்கும் மெஷின் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. பின்னால் டவுன் பஸ் வந்து ஒட்டி நின்றது. வாய்க்கால் பாலத்தில் மெஷினுக்கும் எதிரே வந்த உமி லாரிக்கும் யார் ரிவர்ஸ் எடுப்பது என்ற பேச்சுவார்த்தை நடந்தது. பாலத்து டீக்கடையில் தெரிந்தவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தங்கையன் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். கதவில் பதினேழு என்று எழுதியிருந்தது. வண்டியை ஊருக்கே தெரியும்.

"என்னங்க தங்கையன், ஷூட்டிங்கா?" என்று ஒருவர் கேட்டார்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மா, கையில் கட்டைப்பையோடு ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"தம்பி, டோல்கேட் பக்கம் போவீங்களா?"

தங்கையன் இல்லை என்று தலையை ஆட்டினார். அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஐயையோ. சீட்டையெல்லாம் யாரு எடுத்துட்டுப் போனா?"

மைதானத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சித்தார்த் மைக்கை அணைத்துவிட்டு வியர்த்துப்போய் நின்றார். எந்த வண்டியும் பொது ரோட்டுக்குப் போகாது என்று எழுதிக் கொடுத்துத்தான் அவர் இந்தப் போட்டிக்கு அனுமதி வாங்கியிருந்தார்.

கால் மணி நேரம் கழித்து எஸ்டீம் நுழைவாயில் வளைவுக்குள் திரும்பி வந்தது. மெதுவாக வந்திருக்கலாம். முடிவுக் கோட்டைப் பார்த்ததும் தங்கையன் ஆக்ஸிலேட்டரை மிதித்து, பெரிய புழுதியோடு அதைத் தாண்டி, சறுக்கி நிறுத்தினார். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் முழுக்க வேர்வை. சுற்றி எல்லோரும் நின்றார்கள். ரஞ்சித்தின் உதட்டில் ஒரு சிரிப்பு தயாராக நின்றது. கேலியில்லாத, கூடச் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. தங்கையன் மட்டும் சிரித்திருந்தால் அன்று அந்த மைதானமே அவரைத் தோளில் தூக்கியிருக்கும்.

"கோர்ஸ் போட்டது யாரு?" என்று தங்கையன் கேட்டார்.

சிலர் திரும்பிக் கோன்களைப் பார்த்தார்கள்.

"நான் கேக்கறேன், கோர்ஸ் போட்டது யாரு? அஞ்சாவது வளைவுல ஒரு தடுப்பு இல்ல, ஒரு கயிறு இல்ல. எனக்கு அனுபவம் இருக்கு, சமாளிச்சுட்டேன். இதே ஒரு சின்னப் பையன் ரோட்டுக்குப் போயிருந்தா? உமி லாரி வந்துச்சு, தெரியுமா?"

"அண்ணே, மத்த பதினாறு பேரும் ரைட்லதான் திரும்பினோம்" என்றான் ரஞ்சித்.

"அது உங்க அதிர்ஷ்டம்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் தாங்கள் நிஜமாகவே தப்பித்தோமோ என்று தோன்றிவிட்டது. சித்தார்த்தின் முகம் இன்னும் வெளுத்தது. அவரும் வேறு சிலரும் ஷாமியானாவுக்குள் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள்.

தங்கையன் தனியாக எஸ்டீம் பக்கத்தில் நின்றார். விஜயராணி தண்ணீர் பாட்டிலோடு வந்தாள்.

"மொத நாலு வளைவு நல்லா ஓட்டினீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் கிண்டல் செய்யவில்லை.

"பாத்தியா?"

"எந்திரிச்சு நின்னு பாத்தேன். இத்தன வருஷத்துல உங்களை இப்படிப் பாத்ததே இல்ல." அவள் பாட்டிலை நீட்டினாள். "மத்தியானம் இன்னொரு ஓட்டம் இருக்குல்ல. அஞ்சாவதுல வலது பக்கம் திரும்புங்க. அவ்வளவுதான விஷயம்."

தங்கையன் பானெட்டின் மேல் கையை வைத்தார். சுட்டது. அந்த வண்டி அப்படிச் சுட்டு அவர் பார்த்ததில்லை. வயிற்றில் அந்தக் குளிர்ச்சி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"சார், ஒரு நிமிஷம் உள்ள வரீங்களா?" என்று சித்தார்த் ஷாமியானாவிலிருந்து கூப்பிட்டார்.

தங்கையன் பாட்டிலை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே சித்தார்த் பவ்யமாகப் பேசினார். விஷயம் வெளியே போனால் அடுத்த மாதம் அனுமதி கிடைக்காது. சாருக்கு மனசு கஷ்டம் இருக்கக் கூடாது. கிளப்புக்கு ஒரு பாதுகாப்பு மற்றும் பாதைக் குழு வேண்டும் என்று எல்லோருக்குமே தோன்றுகிறது. சார் அதற்குத் தலைவராக இருந்து வழிநடத்த வேண்டும்.

தங்கையன் நாற்காலியில் சாய்ந்தார். ஜிப் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

"நான் பதவிக்கு ஆசைப்படறவன் இல்ல. ஆனா உயிர் விஷயம்னு வந்துட்டா தட்ட முடியாது. ஒண்ணு மட்டும் எழுதிக்கங்க. குழுவுல இருக்கறவங்க போட்டியில ஓட்டக் கூடாது. நாளைக்கு யாரும் ஒரு சொல்லு சொல்லிடக் கூடாது பாருங்க."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த நிம்மதியைச் சித்தார்த் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்.

பதினேழாம் நம்பரின் காலை ஓட்டம், பதிவில் 'பாதுகாப்புச் சோதனை ஓட்டம்' என்று மாற்றி எழுதப்பட்டது. அற்புதசாமிக்கு, வண்டியைத் தடுக்கத் தவறியதற்காக, மறு உத்தரவு வரும்வரை கொடி கிடையாது என்று குழுவின் முதல் தீர்மானம் சொன்னது. அவர் கொடியைச் சுருட்டி மேஜைமேல் வைத்தார்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். ஒருத்தர் வழி தவறிப் போனதுக்குக் குறுக்க ஓடிவந்தவனுக்கு மெமோ குடுத்து இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, தன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

மத்தியானம் பதினேழாம் நம்பர் ஓடவில்லை. சாயங்காலம் தங்கையனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ரஞ்சித் மூன்றாவதாக வந்திருந்தான். மூன்றாம் இடத்துக்கான சின்னக் கோப்பையை அவனுக்குத் தங்கையன்தான் கொடுத்தார்.

"காத்து நான் சொன்ன அளவு வெச்சிருந்தியா?"

"இல்லண்ணே. இந்தத் தடவை நீங்க சொன்னதுக்கு நேர் எதிரா வெச்சேன்."

"அதான். இல்லன்னா முதல் எடம் வந்திருப்ப" என்று தங்கையன் அவன் தோளைத் தட்டினார். பலர் கைதட்டினார்கள்.

அடுத்த மாதம் முதல் பாதையைத் தங்கையன் போட்டார். கயிறு, தடுப்பு, அறிவிப்புப் பலகை எல்லாம் வந்தன. வளைவுகள் இன்னும் அதிகமாயின. வேகமாகப் போகவே வழியில்லாத அளவுக்குக் கோன்களை வைத்தார். ஓட்டுகிறவர்கள் ஓட்டத்துக்கு முன்னால் பாதையை அவரிடம் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும் என்று ஒரு விதியும் வந்தது. அவர் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு, கையில் வைத்திருக்கும் படத்தைப் பார்த்து, சரியா தப்பா என்று சொல்வார். தடுமாறியவர்களைத் திருப்பி அனுப்பினார். அதில் போன தடவை முதலிடம் வந்தவரும் இருந்தார். ரஞ்சித் இரண்டு மாதம் ஒப்பித்துப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு கிளப்பில் சேர்ந்துகொண்டான். எஸ்டீமுக்கு ஜமால் புதிதாக ஒரு உறை தைத்துக் கொடுத்தார்.

விஜயராணி அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தங்கையன் வெள்ளைச் சட்டை போட்டு, கிளப் பேட்ஜ் குத்திக்கொண்டு கிளம்பும்போது கேட்டார்.

"அன்னிக்கு அவ்வளவு ஆசையா வந்த. இப்ப கூப்பிட்டாலும் வரமாட்டேங்கற. இன்னிக்கு நான்தான் சீஃப் கெஸ்ட்ட வரவேற்கறேன்."

அவள் விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குக் கார் ஓட்டறவரப் பாக்க வந்தேன். விசில் ஊதறவரத்தான் ஸ்கூல்ல தெனம் பாக்கறேனே, பி.டி. மாஸ்டரு."

வாசலில் சித்தார்த் அனுப்பிய டாக்ஸி ஹாரன் அடித்தது. குழுத் தலைவரை அழைத்துப் போக இப்போதெல்லாம் கிளப்பே வண்டி அனுப்பியது. அவர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.